உடம்பை ஒன்றும் செய்யாது

வெண்சுனை ஐஸ்கிரீம் கம்பெனிக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பது செண்பகவல்லியின் வேலை. தரக்கட்டுப்பாட்டு அதிகாரி என்ற பதவியோடு அதுவும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கப்புக்குள் முடி கிடந்தது, குச்சி ஐஸில் குச்சியைக் காணோம், மாம்பழம் என்று போட்டிருக்கிறீர்கள் மஞ்சள் நிறம் மட்டும்தான் இருக்கிறது. பதினோரு வருடமாக இதே ரகம். நன்றி சொல்லி யாரும் எழுதியதில்லை.

அந்த ஏப்ரலில் மேலப்பாளையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"மேடம் அல்லது சார், உங்கள் மொபைல் ஆப்பில் குறை சொல்ல மட்டும்தான் இடம் இருக்கிறது. அதனால் கையால் எழுதுகிறேன். என் மகள் அஸ்ஃபியாவுக்கு ஆறு வயது. பிறவியிலேயே பித்தக்குழாய் அடைப்பு. நெய், பால், முட்டை எது கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. பதினாலு மாதமாகப் பதினொன்றரைக் கிலோவைத் தாண்டவில்லை. டிசம்பரிலிருந்து தினமும் இரண்டு கப் உங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள். வேறு எதையும் நான் மாற்றவில்லை. இப்போது பதிமூன்று கிலோ இருநூறு கிராம். டாக்டர் நம்பவில்லை, நான் நம்புகிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க துஆ செய்கிறேன். மைமூன்."

பின்பக்கம் வாரா வாரம் எடை பார்த்த தேதிகளும் கிராம்களும் பென்சிலில் வரிசையாக இருந்தன.

முதல் தடவை படித்தபோது செண்பகவல்லிக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது பின்பக்கத்து எண்களைச் சரிபார்த்தாள். எழுந்து போய் ஆய்வகத்தின் கதவைச் சாத்திவிட்டு வந்து மூன்றாம் தடவை படித்தாள்.

அந்த ஐஸ்கிரீமில் அப்படி என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

உடன்குடிப் பக்கம் பதநீர் ஏற்றி வந்த பீப்பாய் ஒன்றின் விளிம்பில் வழவழப்பாகப் படிந்திருந்த ஈஸ்ட் அது. சர்க்கரையும் கொஞ்சம் எண்ணெயும் கொடுத்தால் தின்றுவிட்டு, தேன் நிறத்தில் ஒரு பிசினைக் கக்கும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் பிசின். ஐஸ்கிரீமில் நூறு கிலோவுக்கு அரைக் கிலோ சேர்த்தால் போதும். பாளையங்கோட்டையில் நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் தள்ளுவண்டியில் முக்கால் மணி நேரம் நின்றாலும் ஒழுகாது. கலவைக் கூடத்துப் பெண்கள் அதற்கு ஈஸ்ட் சோப்பு என்று பேர் வைத்திருந்தார்கள். "சோத்துல போடுத சாமான சோப்புன்னு சொன்னா விளங்குமா?" என்று முதலாளி ஞானதுரை சத்தம் போட்ட பிறகு அதன் பெயர் எஸ்-ஒன்பது ஆயிற்று.

அனுமதி வாங்க ஆறு வருடம் ஆனது. எலிகள், பிறகு தொண்ணூறு ஆரோக்கியமான மனிதர்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், 'உணவின் தன்மையைக் காக்கும். உடம்பை ஒன்றும் செய்யாது' என்ற பொருள்பட இருந்த வாக்கியத்தின் கீழ் செண்பகவல்லி கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இப்போது உடம்பை அது ஏதோ செய்கிறது என்று பென்சிலில் எழுதி வந்திருக்கிறது.

*

மேலப்பாளையத்து வீட்டில் கதவைத் திறந்தது அஸ்ஃபியாதான். ஆறு வயதுக்கு நான்கு வயது உயரம். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. முழங்கையைச் சொறிந்துகொண்டே, "ஐஸ்கிரீம் கம்பெனியா? பாதாம் மட்டும் செய்யாதீங்க. அழிரப்பர் மாதிரி இருக்கு" என்றாள்.

"ஏ, வந்தவுககிட்ட அப்படியா பேசுவாக?" என்று உள்ளேயிருந்து மைமூன் ஓடிவந்தார். நைட்டி தைத்துக் கொடுக்கும் கூடத்தில் வேலை. கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. கணவர் ரியாத்தில் வண்டி ஓட்டுகிறார். லெட்டர் போட்டால் கம்பெனிக்காரர்கள் வீடு தேடி வருவார்கள் என்று மைமூன் நினைக்கவில்லை. பயந்துபோயிருந்தார். "தப்பா ஏதும் எழுதிட்டேனா மேடம்?"

"இல்ல. நீங்க எழுதினதுதான் சரி. எனக்குப் புரியணும்னு வந்தேன்."

செண்பகவல்லி எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். என்ன சோறு, என்ன மாத்திரை, எந்த நேரம், எத்தனை கரண்டி. மைமூன் ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னார். ஒரு ஆய்வகமே நடத்தியிருக்கிறார் இந்தப் பெண், ஒரு தராசையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு. கடிதத்தில் சொல்லாவிட்டாலும், நடுவில் ஐந்து வாரம் வேறு கம்பெனி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். எடை அசையவில்லை. திரும்ப வெண்சுனைக்கு மாறியதும் ஏறியிருக்கிறது.

"உங்களுக்கு யாரு இப்படிப் பாக்கச் சொன்னா?"

"யாரு சொல்லுவா? எதுனால ஏறுதுன்னு தெரியாம எப்படி மேடம் குடுக்க?"

செண்பகவல்லி பேனாவை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்: "எண்ணெயும் தண்ணியும் சேராதுல்லா. நாம சாப்பிடுத கொழுப்பு அப்படியே குடலுக்குப் போனா, உடம்பால அத எடுத்துக்க முடியாது. பித்தம் வந்து அதப் பொடிப்பொடியா ஒடச்சு, ஒவ்வொண்ணையும் பிடிச்சு உள்ள கொண்டுபோய் விடும். அஸ்ஃபியாவுக்குப் பித்தம் குடலுக்கு வாரதில்ல. எங்க ஐஸ்கிரீம்ல ஒரு சாமான் இருக்கு. ஐஸ்கிரீம் உருகாம இருக்கத்தான் போட்டோம். அது உள்ள போயி பித்தம் பாக்க வேண்டிய வேலையப் பாக்குது போலிருக்கு."

மைமூன் முகத்தைத் துப்பட்டாவின் நுனியால் துடைத்துக்கொண்டார். "பதினஞ்சு கிலோ வரட்டும்னு மதுர டாக்டர் சொல்லிருக்காரு. வந்தா ஈரல் மாத்தலாமாம். என் ஈரல் பொருந்துதுன்னு டெஸ்ட்ல வந்துட்டு. எடைதான் பாக்கி."

இந்த வேகத்தில் போனால் இன்னும் நான்கு மாதம். செண்பகவல்லி மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். மைமூன் எப்போதோ போட்டிருப்பார்.

*

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கொழுப்பை உள்ளே கொண்டுபோய் விடுகிறது என்றால், வேறு எதையெல்லாம் கொண்டுபோய் விடும்?

அடுத்த நாள் பழைய புகார்க் கோப்பை எடுத்தாள். 'விசித்திரம்' என்று அவளே தலைப்புப் போட்டு ஒதுக்கிவைத்திருந்த கோப்பு. படித்துச் சிரிப்பதற்காக வைத்திருந்தது. அதில் அம்பாசமுத்திரத்திலிருந்து சிவனணைந்தபெருமாள் என்பவர் எழுதிய நான்கு கடிதங்கள் இருந்தன. 'உங்கள் குச்சி ஐஸ் தின்றால் எனக்குப் பல் ஈறில் ரத்தம் வருகிறது.' முதல் கடிதத்துக்குக் கம்பெனி ஒரு பதில் போட்டிருந்தது, பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி. அதற்குப் பிறகு பதிலில்லை. நான்காவது கடிதம் அக்டோபரில். அதன்பின் அவரும் எழுதவில்லை.

அம்பாசமுத்திரத்தில் அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பாபநாசம் மலைப் பாதையில் இருபத்தெட்டு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் தனியாகக் கிடந்தது.

"ஐஸ்கிரீம் கம்பெனியா? வாங்க வாங்க. ஐஸ்கிரீம் தின்னா ரத்தம் வருதுன்னா எவன் நம்புவான்? எம் பொஞ்சாதியே நம்பல" என்று சிரித்தார். சிரிப்பு வாயின் ஒரு பக்கம் மட்டுமே போயிற்று.

இதய வால்வு ஆபரேஷன் ஆனவர். ரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை. சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, அதன்மேல் ஒரு குச்சி ஐஸ். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அது ஒரு பழக்கம். நவம்பரில் ஒரு மத்தியானம் சாப்பிட்ட தட்டிலேயே சாய்ந்துவிட்டார். தலைக்குள் ரத்தக் கசிவு.

"மாத்திர ஒண்ணுதான் போட்டேன், ரெண்டு போட்ட மாதிரி ரத்தத்துல காட்டுதுன்னாரு டாக்டர். நான் மறந்து ரெண்டு தடவ போட்டுட்டேன்னு இவ என்ன ஒரு மாசம் ஏசினா."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "நெசமா மறந்திருப்பீய" என்றார்.

"மறக்கல்லட்டி" என்றார் அவர், மெதுவாக. பல தடவை சொன்னதாக இருக்க வேண்டும்.

"நீங்க மறக்கல ஐயா" என்றாள் செண்பகவல்லி. "அந்த ஐஸ்தான் மாத்திரய ரெண்டு மடங்கா உள்ள ஏத்தியிருக்கு. இனிமே சாப்பிடாதீங்க."

சிவனணைந்தபெருமாள் மனைவி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபமே படவில்லை அவர். தன்னை ஒருவர் நம்பியதே அவருக்குப் போதுமாக இருந்தது. அதுதான் செண்பகவல்லியால் தாங்க முடியாததாக இருந்தது.

*

ஞானதுரை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. சைக்கிளில் ஐஸ் விற்றுத் தொடங்கியவர். முந்நூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் இன்னும் தினம் காலை முதல் கப்பைத் தானே ருசி பார்ப்பவர்.

"கப்புமேல எச்சரிக்க போட்டுருவோமா? மாத்திர சாப்பிடுதவுக திங்கக் கூடாதுன்னு?"

"தள்ளுவண்டியில குச்சி ஐஸ் வாங்குதவுக எழுத்து வாசிச்சா வாங்குதாக, அண்ணாச்சி?"

"அப்ப?"

"எஸ்-ஒன்பது உடம்ப ஒண்ணும் செய்யாதுன்னு எழுதி வாங்கின அனுமதி இது. செய்யுதுன்னு தெரிஞ்ச நிமிசமே அந்தக் காகிதம் செல்லாது. நாமளே போய்ச் சொல்லணும்."

அவர் ஜன்னல் வழியே சரக்கு ஏற்றும் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்துப் போட்டவ நீ. நீயே முடிவு செய். நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா என்கிட்ட முடிவு கேக்காத, செண்பகா. எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

அன்றே அவள் அறிக்கையை எழுதி முடித்தாள். ஏழு பக்கம். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, உறையில் போட்டாள். பிறகு அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

நான்கு மாதம். அஸ்ஃபியா பதினைந்து கிலோ வந்துவிடட்டும். அறிக்கை போனால் விற்பனை நிற்கும். ஒரு கப்கூட யாருக்கும் கொடுக்க முடியாது. நான்கு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்த வாக்கியத்தை முடிக்கும் முன்பே மடியில் தனியாகக் கிடந்த அந்த இடது கை நினைவுக்கு வந்துவிடும்.

ஏழாவது நாள் இரண்டு பெட்டி வெண்ணிலா எடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனாள். சொல்லாமல் கொடுக்க முடியவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு, அஸ்ஃபியாவுக்குக் கேட்காதபடி, எல்லாவற்றையும் மைமூனிடம் சொன்னாள். பஸ் டிரைவரையும், இழுப்பறையில் இருக்கும் உறையையும், நான்கு மாதத்தையும்.

மைமூன் பெட்டிகளைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"அந்த டிரைவர் இப்ப சாப்பிடுதாரா?"

"இல்ல. நிறுத்தச் சொல்லிட்டேன்."

"அவுக மாதிரி வேற எத்தன பேரு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"மாத்திர சாப்பிட்டுட்டு எங்க ஐஸ்கிரீமும் சாப்பிடுதவுக எத்தன பேருன்னு யாருகிட்டயும் கணக்கு இல்ல, மைமூன். நம்மகிட்ட இருக்கது ரெண்டே ரெண்டு பேரு. உங்க மகளும் அவரும்."

மைமூன் பெட்டிகளை ஃபிரிட்ஜில் வைத்தார். கதவை மூடிவிட்டுத் திரும்பினார். "அவுக வீடு அம்பாசமுத்திரத்துல எங்க?" என்று மட்டும் கேட்டார். செண்பகவல்லி தெருவைச் சொன்னாள்.

*

பன்னிரண்டு நாள் கழித்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் இன்னாசிமுத்து ஜீப்பில் வந்து இறங்கினார். எஸ்-ஒன்பது சேர்த்த எல்லாச் சரக்கும் நிறுத்தம். கலவைக் கூடத்துக்குச் சீல். செண்பகவல்லியை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

டிரைவர்தான் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தாள். நியாயம்தானே என்றும் நினைத்தாள். உறையை இழுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

இன்னாசிமுத்து புகாரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று பக்கம். மூன்றாவது பக்கம் முழுதும் தேதிகளும் கிராம்களும்.

"புகார்தாரர் மைமூன் பீவி, மேலப்பாளையம்" என்று வாசித்தார். "நான் இருபது வருசமா இந்த வேலையில இருக்கேன் மேடம். ஒரு சாமான் நல்லது செஞ்சுருச்சுன்னு யாரும் புகார் கொடுத்துப் பாத்ததில்ல."

செண்பகவல்லி வாசித்தாள். 'இந்த ஐஸ்கிரீமில் உள்ள பொருள் என் மகளுக்கு மருந்தாக வேலை செய்கிறது. அதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது, இணைத்துள்ளேன். மருந்தாக வேலை செய்யும் பொருளை, தெரியாதவர்கள் தின்பண்டம் என்று தின்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒருவரை நேரில் போய்ப் பார்த்தேன். அவர் கையை நான் பிடித்துப் பார்த்தேன்.'

'என்ன நிவாரணம் வேண்டும்?' என்று அச்சிட்ட கேள்விக்கு எதிரே ஒரே வரி: 'விற்பனையை நிறுத்தவும்.'

தனக்கு என்று அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு கப்கூட. செண்பகவல்லி அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடம் ஒரு பிசினின் பின்னால் அலைந்து அவள் சேர்த்த அறிவு முழுவதும் அந்த வரிக்கு முன்னால் சின்னதாகிவிட்டது. இதே முடிவுக்கு அவளும்தான் வந்திருந்தாள். வந்து, பூட்டி வைத்திருந்தாள்.

உறையை மேசையில் வைத்தாள். இன்னாசிமுத்து பிரித்து, முதல் பக்கத்தின் தேதியைப் பார்த்தார்.

"பத்தொன்பது நாளு முந்தின தேதி."

"ஆமா."

"இன்னிக்குத் தேதி போட்டு ஒரு பிரதி எடுத்துட்டு வந்திருக்கலாமே."

"எழுதின தேதி அதுதான், சார்."

அவர் அதற்கும் ஒரு எண் போட்டார். தெரிந்தும் தாமதித்ததற்காகச் செண்பகவல்லிக்கு உணவுத் துறையில் கையெழுத்திடும் உரிமை இரண்டு வருடத்துக்குப் போயிற்று. ஞானதுரை அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பழைய முறைக்குத் திரும்பிய வெண்சுனை ஐஸ்கிரீம் அந்தக் கோடையில் பத்தே நிமிடத்தில் ஒழுகியது. கடிதங்கள் நிறைய வந்தன. அவற்றை அவள்தான் பிரித்தாள்.

*

சரக்கு நின்ற மூன்றாம் வாரம் அஸ்ஃபியாவின் எடை அறுநூறு கிராம் குறைந்தது. ஐந்தாம் வாரம் வயிற்றில் நீர் கோத்தது, மதுரையில் சேர்த்தார்கள்.

அங்கே ஈரல் பிரிவின் தலைவராக இருந்த டாக்டர் ரெங்கநாயகி முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் செண்பகவல்லியை வரச் சொன்னார்.

"அந்தப் பிசின் உங்ககிட்ட சுத்தமா இருக்கா?"

"சீல் வெச்ச அறையில இருக்கு. ஆனா குடுக்க முடியாது, டாக்டர். அது இப்ப உணவும் இல்ல, மருந்தும் இல்ல."

"வேற வழியே இல்லாத ஒரே ஒரு நோயாளிக்கு, இன்னும் அனுமதி வராத மருந்தக் குடுக்க விதி இருக்கு. நான் கேக்கப் போறேன். ஆனா அதுக்கு ரெண்டு விஷயம் வேணும். அது மருந்துன்னு அரசாங்கமே எங்கயாவது ஒத்துக்கிட்டிருக்கணும். மனுசங்ககிட்ட வேலை செஞ்சதுக்கு ஒரு பதிவும் இருக்கணும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எலிகிட்டயும் நோயில்லாத தொண்ணூறு பேருகிட்டயும் பண்ணினது எல்லாம் ஐஸ்கிரீமுக்குப் பண்ணினது. உலகத்துல இது மருந்தா வேலை செஞ்சதுக்கு இருக்கிற ஒரே மனிதப் பதிவு, அந்த அம்மா புகாரோட கொடுத்த மூணாவது பக்கம். விற்பனையை நிறுத்தின உத்தரவுல இது மருந்துத் தன்மை உள்ளதுன்னு எழுதியிருக்காங்க. அதுவும் அந்தப் புகாராலதான். அது மட்டும் இல்லேன்னா என்னால விண்ணப்பம்கூடப் போட முடியாது."

அனுமதி வர நாற்பத்து நான்கு நாள் ஆனது. அதுவரை அஸ்ஃபியா தாங்கினாள். கடைசி வாரத்தில் தாங்குவாளா என்று யாருக்கும் தெரியவில்லை. மைமூன் வார்டு வராந்தாவிலேயே இருந்தார். தினமும் எடையைப் பென்சிலால் எழுதினார், இறங்கும் எடையையும்.

அனுமதிக் காகிதம் வந்த அன்று காலை செண்பகவல்லி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சுதான் புகார் குடுத்தீங்களா?"

"எனக்கு எங்க தெரியும்?" என்றார் மைமூன். "நின்னு போகும்னு மட்டும்தான் தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க வேண்டாம்னு சொல்லிருப்பீய." மைமூன் கையிலிருந்த பென்சிலை உருட்டினார். "நானும் சரின்னுருப்பேன்."

உள்ளே நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் அளந்து ஊற்றினாள். தேன் நிறம், கெட்டியான திரவம். பாலும் சர்க்கரையும் வாசனையும் இல்லாத வெறும் பிசின் வேப்பெண்ணெயைப் போலக் கசக்கும். தினம் மூன்று வேளை, ஆபரேஷன் வரை. இனி அது தின்பண்டம் இல்லை, சீட்டில் அளவு எழுதிய மருந்து.

அஸ்ஃபியா நுனி நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். செண்பகவல்லியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவும் நீங்க செஞ்சதா?"

"ஆமா கண்ணு."

அவள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐஸ்கிரீம் நல்லா செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினாள்.